நாகசாகி மருத்துவசாலையும் வினைக்கொள்கையும்

திருச்சிற்றம்பலம்

உயிர்கள் நுகரும் இன்ப துன்பங்கட்கு முன்செய்வினை காரணமென்பதும், அவ்வினை அறிவில்லாத சடமாகலின் தானே சென்று தன்னைச் செய்தானைப் பற்றமாட்டாதென்பதும், ஆகவே செய்தானையும் செய்வினையையும் அதன் பயனையும் அறிந்து கூட்டுவிப்பான் முதல்வனேயென்பதும் சைவ சித்தாந்தத்தின் துணிபாம். இத்துணிபினை மடங்களினும் சபைகளினும் அமைதியாக இருந்து ஓதுங்கால் இடர்ப்பாடொன்றும் தோன்றுவதில்லை. எழுந்து நடக்கவும் இயலாத நோயாளர் படுத்திருந்த கூடத்தின்மேல் வானினின்று நெருப்பு விழுந்தவிடத்து நின்று இதனைச் சொல்லிப்பார்க்குங்கால்தான், இதன் பொருளை நாம் செவ்வனே உணர்ந்தேமா என்பது வெளிப்படும். ஆகலின் அத்தகைய நிகழ்ச்சியொன்றனை முன்வைத்து, வினைக்கொள்கை அதன்கண் யாது கூறும், யாது கூறாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

நிகழ்ச்சி

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் நாள், அமெரிக்க விமானமொன்று அணுக்குண்டு ஒன்றினைத் தாங்கி ஜப்பான் தேசத்தின்மேற் பறந்தது. அதற்குக் குறிக்கப்பட்ட முதல் இலக்கு கோக்குரா என்னும் நகரம். அந்நகரத்தின்மேல் அன்று மேகமும் புகையும் மூடியிருந்தன. மும்முறை சுற்றியும் இலக்குக் கண்ணிற்குத் தெரியாமையின், விமானம் இரண்டாம் இலக்காகிய நாகசாகிக்குத் திரும்பிற்று. ஆண்டும் மேகமே. எரிபொருள் குறைந்துகொண்டிருந்த நிலையில் மேகத்திடையே ஒரு திறப்புத் தோன்ற, காலை 11 மணி 2 நிமிடத்திற்கு அக்குண்டு, எண்ணிய இடத்திற்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வடமேற்கே, உரகாமிப் பள்ளத்தாக்கின்மேல் வெடித்தது. அப்பள்ளத்தாக்கிலே போர்க்கருவித் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றோடு வீடுகளும் பாடசாலைகளும் பெரிய கிறித்தவக் கோயிலொன்றும், நாகசாகி மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவசாலையும் இருந்தன.

வெடித்த இடத்திற்கு அரை மைலுக்கும் குறைந்த தொலைவில் இருந்தது அம்மருத்துவசாலை. மரத்தாலாகிய கல்லூரி வகுப்பறைகள் நொறுங்கி எரிந்தன; ஆண்டிருந்து பாடங்கேட்ட மாணவர் பலர் இருந்தபடியே மடிந்தனர். சிமிட்டியாற் கட்டிய மருத்துவசாலைச் சுவர்கள் நின்றன, உள்ளிருந்தவை எரிந்தொழிந்தன. ஆசிரியர், மாணவர், தாதியர் என அந்நிலையத்தைச் சார்ந்தவருள் மட்டும் 800 பேருக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். நகரத்தில் அவ்வாண்டு முடிவிற்குள் இறந்தவர் தொகை ஏறக்குறைய 74,000 என்று அந்நகரத்தாரே கணக்கிட்டுள்ளனர். நோயாளரைக் காப்பாற்றவேண்டிய மருத்துவர்களே இறந்தும் புண்பட்டும் கிடந்தமையின், காயமுற்றோர் செல்லுதற்கு இடமில்லாதாயிற்று. அந்நிலையினும், உயிரெஞ்சிய மருத்துவரும் தாதியரும் தம் குருதியைத் துடைத்துக்கொண்டு, தீ நெருங்குமுன் நோயாளரைத் தோளிற் சுமந்து பின்னுள்ள குன்றின்மேல் ஏற்றினர்.

இஃது அம்மருத்துவசாலைக்கு முதல் அடியும் அன்று. எட்டு நாள் முன்னதாக, ஆகஸ்டு 1ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலிலும் ஆறு குண்டுகள் அக்கல்லூரி மருத்துவசாலை எல்லையுள் வீழ்ந்தன. அவற்றுள் மூன்று கட்டடங்களின்மேல் நேரே வீழ்ந்தன. முற்றுகையிலும் குண்டுவீச்சிலும் நோயாளர் தங்கும் இடங்களை இயன்றவரை விலக்கவேண்டுமென்னும் விதி 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது என்பதும் ஈண்டு நினைக்கற்பாலது.

பிறர் கூறும் காரணங்கள்

இந்நிகழ்ச்சிக்கு மூவகைக் காரணம் கூறப்படுவதுண்டு.

முதலாவது, எல்லாம் தற்செயல் என்பது. கோக்குராவை மேகம் காத்தது. நாகசாகியை மேகத்தின் திறப்புக் கொன்றது. இதன்மேற் காரணம் தேடுவது வீண் என்பர். உலகாயதர் கூறும் இயல்புவாதம் இதுவேயாம். மேகம் மறைத்தமையும் திறந்தமையும் உண்மையே. ஆயினும், குண்டு எங்கு விழுந்தது என்பதற்கு அவை விடையாகுமன்றி, குண்டு ஏன் விழுந்தது என்பதற்கு விடையாகா. அதனைச் சமைத்தவரும், ஏற்றியவரும், ஏவியவரும், நகரங்களைப் பெயர் குறித்து வரிசைப்படுத்தியவரும் மேகங்கள் அல்லர். மக்கள் செய்த வினையை மேகத்தின்மேல் ஏற்றிக் கூறுவது, செய்தவரை மறைப்பதன்றி வேறு பயன் தாராது.

இரண்டாவது, அது தேசத்தின் வினை என்பது. ஜப்பானியப் படை 1938ஆம் ஆண்டு முதற் பல்லாண்டு சீன தேசத்துச் சுங்கிங் நகரத்தை வானினின்று தாக்கியது; 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பு நகரத்தைத் தாக்கியபோது, அங்கொடையிலுள்ள மனநோயாளர் மருத்துவசாலையின்மேலும் குண்டு வீசியது; ஆகவே விதைத்ததை அறுத்தனர் என்பர் சிலர். நம்மவருள்ளும் வினைக்கொள்கை கற்றார் சிலர் இங்ஙனம் கூறக் கேட்கின்றோம். இது சித்தாந்தம் அன்று. என்னை? அவரவர் செய்த வினையை அவரவரே நுகருமாறு நிறுத்துவது நியதி தத்துவம். தேசம் என்பது ஓர் உயிரன்று; அதற்கு மலமும் இல்லை, வினையும் இல்லை, முத்தியும் இல்லை. அங்கொடையின்மேற் பறந்தவன் வேறு. நாகசாகியிலே மார்புநோயுற்றுப் படுத்திருந்தவன் வேறு. ஒருவன் வினையை அவன் மொழி பேசுவான் ஒருவன் நுகர்வானெனின், ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீர்வானெனவும் கொள்ளவேண்டும். தேசத்தின் பெயரால் வினையைக் கணக்கிடுவது பழிவாங்குங் கருத்திற்கு வேதாந்த சித்தாந்தச் சொற்களைப் போர்த்துவதேயாம்.

மூன்றாவது, அது பிறர் பொருட்டு இட்ட பலி என்பது. இதனைக் கூறியவர் அம்மருத்துவசாலையின் கதிரியல் ஆசிரியராகிய நாகாய் தகாஷி என்பார். அவர் கத்தோலிக்கர். எக்ஸ்-கதிர்த் தொழிலால் முன்னரே இரத்தப் புற்றுநோய் எய்தியவர்; குண்டு வெடித்தபோது மருத்துவசாலையிலிருந்து தலையிற் புண்பட்டவர்; தம் மனைவியாரை எரிந்த வீட்டிடை எலும்பாகக் கண்டெடுத்தவர்; அந்நிலையினும் நோயாளர்க்குத் தொண்டாற்றியவர். உரகாமிக் கத்தோலிக்கர் ஏறக்குறைய 12,000 பேருள் 8,500 பேர் வரை இறந்தனர் என்பர். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள், இடிந்த கோயிலின் முன் நடந்த வழிபாட்டிலே நாகாய் பேசுங்கால், மேகத்தால் இலக்கு மாறியது இறைவன் திருவுளமென்றும், உலகத்தார் பாவத்திற்கு ஈடாக உரகாமி மாசற்ற எரிபலியாகத் தெரிந்தெடுக்கப்பட்டதென்றும், அதற்கு நன்றி செலுத்துதல் வேண்டுமென்றும் கூறினார். இக்கூற்று சுற்றத்தாரை இழந்தார் பலர்க்கு ஆறுதலாயிற்று. ஆயினும், குண்டெறிந்தாரையும் போர் தொடங்கினாரையும் இது குற்றத்தினின்று விடுவிக்கின்றதே என்று ஜப்பானியருள்ளேயே பிற்காலத்தார் பலர் மறுத்தனர். 1981ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஹிரோஷிமாவிற்கு வந்த போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல், போர் என்பது மனிதன் செய்யுஞ் செயல் என்று கூறியதனை, அம்மறுப்பினர் தமக்கு வலியாகக் கொண்டனர்.

நாகாயின் தொண்டிற்கு நாம் தலைவணங்குவோம். அவர் தாம் இழந்ததன்மேல் நின்று பேசினாராகலின், அவர் சொல்லை இகழ்தல் நமக்குத் தகாது. ஆயினும் கொள்கையளவில் அது நமக்கு உடன்பாடன்று. ஒருவர் வினையை மற்றொருவர் எரிந்து கழித்தல் கூடாமை மேலே காட்டினாம். அன்றியும், கருணையே திருமேனியாகிய முதல்வன், உலகத்தார் பாவத்தை நோயாளர் உடம்பால் ஈடுகொள்வானென்பது அவன் கருணைக்கு இழுக்காம்.

சித்தாந்தம் கூறுவது

அற்றேல், இறந்தார் ஒவ்வொருவரும் தத்தம் வினையையே நுகர்ந்தாரென்பது சித்தாந்தமாகாதோ எனின், ஆம். அதனை நாம் மறைத்தல் வேண்டா. ஆனால் அதனோடு சேர்த்துக் கூறவேண்டுவன மூன்றுள. அவற்றை விட்டு இதனை மட்டும் கூறின், உண்மையிற் பாதியைக் கூறியவராவேம். இவ்விடத்துப் பாதியுண்மை பொய்யினும் கொடிது.

ஒன்று: இன்ன துன்பம் இன்ன வினையால் வந்ததென்று அறிவான் முதல்வன் ஒருவனே. ஒரே கணத்தில் வெடித்த ஒரே குண்டினால் அந்நகரத்தார் எய்தியது ஒன்றன்று. சிலர் அக்கணமே மடிந்தனர். சிலர் புறத்தே காயமின்றி நடந்து, சில வாரங்களில் மயிர் உதிர்ந்து, தோலிற் செம்புள்ளி தோன்றி இறந்தனர். அந்நோய் யாதென அப்போது மருத்துவரும் அறியார். சிலர் அறுபது எழுபது ஆண்டு வாழ்ந்து, தாம் கண்டதை உலகிற்குச் சொன்னார்கள். ஓர் ஓடத்திற் சென்றார் பலருள் ஒவ்வொருவர் செல்லுமூரும் வேறாயினாற்போல, ஒரு நிகழ்ச்சியுள் அகப்பட்டாரது வினையும் நுகர்ச்சியும் வேறு வேறாம். அவற்றைப் பகுத்தறியும் ஆற்றல் சிற்றறிவினராகிய நமக்கில்லை. இல்லாதிருந்தும், இறந்து கிடக்கும் குழந்தையைக் காட்டி, முற்பிறப்பிற் பாவஞ் செய்தது எனத் தீர்ப்புரைப்பவன், முதல்வனுக்குரிய அறிவைத் தனக்கென்று கவர்ந்தவனாகின்றான். ஆணவத்தின் தொழில் அதுவன்றிப் பிறிதென்னை?

இரண்டு: நுகர்வானுக்கு அது பிராரத்தமாயினும், செய்வானுக்கு அது ஆகாமியம். செயலொன்றாயினும் வினை இரண்டு. ஈண்டொரு தடை நிகழும். “அவர் வினை முதிர்ந்தது, அதனை ஊட்டுதற்கு ஒரு கருவி வேண்டும், குண்டெறிந்தவன் முதல்வன் கையிற் கருவியாயினான், கருவிக்குக் குற்றமுண்டோ?” என்பது அது. அற்றன்று. வினை வந்து பொருந்தும் வாயில் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றென்பர் நூலோர். நோயாலும் மழையாலும் இடியாலும் ஊட்டவல்ல முதல்வனுக்கு, இன்ன மனிதன் கொலை செய்தாலன்றி முடியாதென்னும் குறையில்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்றான் ஒருவனை வழியிடைக் கள்வன் குத்திக்கொன்றால், “அவன் எவ்வாறும் சாகவேண்டியவனே” என்று கூறிக் கள்வன் தப்புதல் உண்டோ? கொன்றவன் தன் விருப்பாலும் வெகுளியாலும் கொன்றான். அவ்விருப்பும் வெகுளியுமே அவனுக்கு வினையாய் ஏறும்.

“விருப்பு வெகுளியின்றி, ஆணைக்கு அடங்கிச் செய்தானை என் சொல்வது? மருத்துவசாலையை அவன் குறிக்கவேயில்லையே; குறி தப்பி விழுந்ததன்றோ?” எனின், இதற்கு விடை திருத்தொண்டர் புராணத்துத் திருநகரச் சிறப்பிலுள்ளது. மனுநீதிச் சோழர் மைந்தன் தேரூர்ந்து சென்றபோது, பசுங்கன்று தானே துள்ளிவந்து தேர்க்காலில் அகப்பட்டு இறந்தது. அரசிளங்குமரன் அதனைக் குறித்துச் செலுத்தினானல்லன். அமைச்சர் மறைவழிக் கழுவாய் காட்டினர். கன்று தன் வினையால் இறந்தது என்று கூறுதற்கும் ஆண்டு இடமிருந்தது. அரசர் இவை எவற்றையும் ஏற்றிலர். கன்றிழந்த பசுவின் துயரைத் தாமும் எய்துதலே முறையெனக் கொண்டு, தம் ஒரு மைந்தன்மேல் தாமே தேரூர்ந்தனர். முதல்வன் வீதிவிடங்கனாய் வெளிப்பட்டு அருளியது, வினைமேற் பழிபோட்ட ஒருவர்க்கன்று. பழியைத் தம்மேல் ஏற்ற அவர்க்கேயாம்.

தெருவிலே தேர் செலுத்தினார்க்கே இது முறையாயின், மக்கள் நெருங்கி வாழும் நகரமென அறிந்தும், 5 மைலுக்கு மேற்பட்ட உயரத்தினின்று, ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் எரிக்கவல்ல படையை விடுவார்க்குக் “குறிக்கவில்லை” என்னுஞ் சொல் எங்ஙனம் துணையாகும்? கன்று வருமென்பதனைக் குமரன் அறியான். நகரத்தில் மருத்துவசாலை உண்டென்பதனை அறியாதார் யார்? உயரம் முகங்களை மறைக்கும். ஆயின், உயரம் மறைத்ததனை அறிவும் மறந்தது ஆணவத்தினாலேயாம்.

இனிக் குற்றம் விமானத்திலிருந்தானோடு நில்லாதென்பதும் நம் புராணத்தாற் பெறப்படும். மதுரையில் அடியார் துயிலும் திருமடத்திற்குத் தீயிட்டபோது, இட்டவர் கைகள் சிலவே. திருஞானசம்பந்த சுவாமிகளோ அத்தீயினை அரசன்பாற் செல்லுமாறு பாடியருளினார். அரசு முறை தவறாதிருப்பின் அத்தீ மூளாதென்பது அங்கே கருத்து. எனினும், அது மெல்லச் செல்லவே பணித்தார். வெப்புநோயுற்ற அவ்வரசனைப் பின்னர்த் தாமே தீர்த்தருளினார். குற்றத்தைக் குற்றமென்று காட்டியதும், குற்றவாளியை அழியவிடாமையும் ஒருங்கு நிகழ்ந்தன. போர்க்குற்றத்தைப் பேசுவார் யாவர்க்கும் இவ்விரண்டும் வேண்டும். ஒன்றை விட்டார் பழிவாங்குவார். மற்றொன்றை விட்டார் அநீதிக்கு உடன்படுவார்.

மூன்று: வினையை அறிந்ததன் பயன் துணைசெய்தலேயன்றி, வாளா இருத்தல் அன்று. “அவர் வினை நுகரவேண்டுவதாயின் மருத்துவன் அதனைத் தடுப்பது முதல்வன் ஆணைக்கு மாறன்றோ?” என்பாரும் உளர். கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச்செங்குன்றூரில் உடன்வந்த அடியார்களைக் குளிர்ச்சுரம் பற்றியபோது, சம்பந்தப்பெருமான் அருளிய திருநீலகண்டப் பதிகம் இத்தடையையே முதற்கண் எடுத்து மறுக்கின்றது. பழைய வினைக்கு இது பயனென்று சொல்லுதல் மட்டும் அறிவாகாது. சொல்லியபின் உய்தியை நாடாதிருத்தல் குறைபாடாம் என்பது அதன் கருத்து. சூலைநோயோடு வந்து வீழ்ந்த மருணீக்கியாரை, சமயம் விட்டகன்றதனால் வந்த வினையென்று கூறித் திலகவதியம்மையார் புறக்கணித்தாரல்லர். திருநீறளித்துத் திருவீரட்டானத்திற்கு அழைத்துச் சென்றனர்.

ஏன் இங்ஙனம் எனின், உடம்பு பற்றிய நம் கொள்கையே அதற்குக் காரணம். ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு, மாயையின் காரியமாகிய உடம்பு, விடியுமளவும் உதவும் விளக்காக முதல்வனால் தரப்பட்டது. உடம்பில்லையேல் அறிவு விளக்கமில்லை. அறிவு விளக்கமில்லையேல் வினை நீக்கமும் வீடும் இல்லை. ஆகவே ஓர் உடம்பை அழிப்பவன் ஓர் உயிரின் விளக்கை அவிக்கின்றான். மருத்துவசாலையோ காற்றில் நடுங்கும் விளக்குகளைக் கைகுவித்துக் காக்குமிடம். அதனை எரித்தல் பல விளக்கை அவித்தலோடு, காக்குங் கையினையும் வெட்டுதலாம். பிற கொலைகளினும் இது மிக்கதெனக் கருதப்படுதற்குக் காரணம் இதுவே. 1949ஆம் ஆண்டு ஜினீவா உடன்படிக்கை, பொதுமக்கள் மருத்துவசாலைகளை எந்நிலையினும் தாக்கற்க என விதித்ததும், 2016ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2286ஆம் தீர்மானத்தால் அதனை மீண்டும் வற்புறுத்த நேர்ந்ததும், விதி உண்மையையும், விதி மீறப்படுதலையும் ஒருங்கே காட்டுகின்றன.

முடிபு

மேற்கூறியவற்றால், வினைக்கொள்கையை ஆளும் முறையொன்று பெறப்படும். அது தன்வயின் ஒருமுகமும் பிறர்வயின் ஒருமுகமும் உடையது. தனக்குத் துன்பம் வந்துழி, “இஃது என் வினை, முதல்வன் மறக்கருணை” என்று பொறுத்தற்கு அக்கொள்கை துணை. மெய்ப்பொருணாயனார் தம்மைக் குத்திய பகைவனைத் தத்தன் வெட்டாமற் காத்து, ஊரெல்லை கடக்கும்வரை இடரின்றிக் கொண்டுபோய் விடச்செய்தது அம்முகத்தால். பிறர்க்குத் துன்பம் வந்துழி, “இஃது என் கடமை” என்று எழுதற்கே அது துணை. மனுநீதிச் சோழர் கன்றின்பொருட்டுத் தேரேறியது அம்முகத்தால். இவ்விரு முகத்தையும் மாற்றிக்கொள்பவன், தன் துன்பத்திற்குப் பிறரைப் பழித்தும், பிறர் துன்பத்திற்கு அவர் வினையைப் பழித்தும், கொள்கையின் இரு பயனையும் இழப்பான்.

இங்ஙனம் கொண்டபின்னும், எரிந்த கட்டிலின்மேற் கிடந்த குழவியின் துன்பம் நம் நெஞ்சினின்று நீங்குவதன்று. நீங்கவும் வேண்டா. அத்துன்பத்தைக் கண்டு கலங்காத அளவிற்கு ஒருவனைத் தேற்றும் விளக்கம், சித்தாந்த விளக்கமாகாது. அது நெஞ்சு மரத்தற்குக் கூறும் மருந்து. உயிர்களின் துன்பங்கண்டு இரங்கி நஞ்சினைத் தான் உண்ட முதல்வனுக்கு அடியராயினார், அவ்விரக்கத்தை வினையென்னுஞ் சொல்லால் அவித்தல் ஆகாது. மேகத்திற்குக் கண்ணில்லை, வினைக்கும் கண்ணில்லை. கண்ணுடையவன் முதல்வன், அவனருளாற் கண்பெற்றவர் நாம். தீ நெருங்குமுன் நோயாளரைத் தோளிற் சுமந்து குன்றேறிய அத்தாதியர், நம் சாத்திரம் ஓதாதார். ஆயினும் பிறர்வயின் வினைக்கொள்கை செய்யச் சொல்வது எதுவோ, அதனைச் செய்தார் அவரே. ஓதிய நாம் அதனிற் குறைதல் ஆகாதென்க.

திருச்சிற்றம்பலம்